மண்மேட்டுக்கு அடியில்

5 ஆகஸ்ட், திங்கள்

இன்று வயலில் இருந்தவர்கள்: அகழாய்வை நடத்தும் பல்கலைக்கழக ஆசிரியை ரோசலிண்ட், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் டெஸ்மண்ட், எங்கள் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து ஆறு பேர், வயலின் சொந்தக்காரர் கிளைவ் (வேலிக்கு அப்பால், கையைக் கட்டிக்கொண்டு), நான். ஆகப் பத்துப் பேர்.

வேலைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே 'தேநீர்' என்றிருந்தது. கிடைப்பதை எழுதிவைக்க ஆளில்லை என்றார்கள். ஜாம் பாட்டில் கணக்குக்கு வைத்திருக்கும் கோடுபோட்ட நோட்டை எடுத்துப்போனேன். எந்தப் பொருள், கயிறு கட்டிப் பிரித்ததில் எந்தக் கட்டம், எவ்வளவு ஆழம்.

ஆயிரம் வருஷத்துக்கு முன், நார்மன்கள் படையெடுத்து வருவதற்கும் முன், இங்கிலாந்தை ஆண்ட சாக்சன்கள் கட்டிய தேவாலயம் இங்கே இருந்தது என்பது ஊர்ப்பேச்சு. சனிக்கிழமைக்குள் அடையாளம் காட்டினால் இந்த மூலையை உழாமல் விடுவதாகக் கிளைவ் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் திங்கட்கிழமை ஆழ உழவு. அடியில் என்ன இருந்தாலும் போச்சு.

7 ஆகஸ்ட், புதன்

ஆட்டெலும்பு, உடைந்த பீங்கான். டெஸ்மண்ட் ஒரு சோடா மூடியைத் தூக்கிக் காட்டி, "சாக்சன் ராஜா குடிச்சது, எழுதிக்கோ ஹிலரி" என்றார். எழுதினேன். கட்டம் நான்கு, பத்து சென்டிமீட்டர்.

8 ஆகஸ்ட், வியாழன்

மழை. கர்த்தாவே, ஒரே ஒரு கல்.

9 ஆகஸ்ட், வெள்ளி

நோட்டைப் புரட்டியதில் தேநீர் ஆறிப்போனது. சுவருக்குப் பூசும் வெள்ளைச் சாந்துத் துண்டுகள் — மேற்குக் கட்டத்தில் இரண்டு, அடுத்ததில் ஒன்பது, அதற்கடுத்ததில் முப்பத்தொன்று. கிழக்கு ஓரத்தில் எண்பத்தாறு. அதற்கும் அப்பால்?

அப்பால் எங்கள் மண்மேடு. திங்கட்கிழமை முதல் அள்ளிய மண்ணையெல்லாம் தேவாலயத்தின் தலையிலேயே கொட்டிக்கொண்டிருக்கிறோமா?

ரோசலிண்டிடம் சொல்லலாமா? நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். சொல்லிவிட்டேன்.

"இருக்கிறதே ஒரு நாள். மேட்டை நகர்த்திட்டு அடியில ஒண்ணும் இல்லேன்னா?"

"இருக்குங்க. எண்ணியிருக்கேன்."

நோட்டை நீட்டினேன். ரோசலிண்ட் வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு, முதல் வாளியை அவரே தூக்கினார்.

10 ஆகஸ்ட், சனி

காலையிலிருந்து எல்லோர் கையிலும் வாளி. "கொண்டுபோய் விடுறது, திரும்பக் கூட்டிட்டு வர்றது. முப்பது வருஷமா இதே பொழப்பு" என்றார் டெஸ்மண்ட்.

மூன்று மணிக்கு அவர் கொத்துக்கரண்டி கல்லில் பட்டது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. வரிசை வளைந்து போனது — தேவாலயங்களில் பலிபீடத்தைச் சூழ்ந்து நிற்கும் அரைவட்டச் சுவர். ஒரு கல்லில் கொடிப்பின்னல் செதுக்கியிருந்தது. ரோசலிண்ட் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நார்மன்களுக்கு முந்தைய கைவேலை, சந்தேகமே இல்லை என்றார்.

கிளைவ் முதல்முறையாக வேலியைத் தாண்டி வந்தார். தொப்பியைக் கழற்றினார். செதுக்கிய கல்லைக் குனிந்து பார்த்தார்.

"உழ மாட்டேன். போதுமா?"

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ மண்டியிட்ட இடம். நானும் மண்டியிட்டேன். பாவாடையெல்லாம் சேறு, இருக்கட்டும். யாரும் சொல்லாமலே பாடகர் குழு பாட ஆரம்பித்தது. சுதி சேரவில்லை. இத்தனை அழகாக அவர்கள் பாடி நான் கேட்டதில்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

டிராக்டர் அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போனது. ரோசலிண்ட் கேட்டபடி நான் எழுதி அனுப்பிய கடிதத்தின் நகல்:

அன்புள்ள கிளைவ்,

சுவர் வடக்கேயும் தொடர்கிறது. அடுத்த கோடையில் மூன்று வாரம் தோண்ட உங்கள் அனுமதி வேண்டும். மண்ணை எங்கே கொட்டுவது என்பதை இம்முறை நானே முடிவு செய்கிறேன். ஆள் சேர்க்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஹிலரி,
அகழாய்வுப் பதிவாளர்