மாசிக்காய் மாத்திரையும் பக்கத்து வீடும்

மார்ச் 3
இன்றோடு எழுபத்து நான்கு வயது நிறைவு. பாடாங் செராயில் மழை இல்லை; ரப்பர் மரங்கள் மொட்டை. முழங்கால் வலி. கேக் கொண்டுவர ஆளில்லை, நல்லது.

பக்கத்து வீட்டுக் கவிதா பிள்ளை பெற்று ஐந்து வாரம். தையல் முழுதாக ஆறவில்லை. மாமியார் லெட்சுமி, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மாசிக்காய் மாத்திரை வாங்கியிருக்கிறாள். விழுங்க அல்ல, பெண்ணுறுப்புக்குள் வைக்க. இறுகுமாம். வேலியோரம் நின்று சொன்னேன்.

"புண்ணுல வச்சா எரிக்கும், லெட்சுமி."

"பச்சப் பிள்ளைக்கே ஒரசி நாக்குல தடவுறோம், டீச்சர். பெத்தவள என்ன செஞ்சிரும்? ஒங்க படிப்பு ஒங்களோட லா."

வேதியியல் கற்பித்தவள் நான். மாசிக்காயில் டானின் மிகுதி. மாட்டுத்தோலைப் பதனிடுவதும் டானினே. ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியைக் கொல்லும் என்கிறார்கள், இருக்கலாம். பெண்ணுடலுக்குள் தீங்கற்றது என்று நிறுவிய நல்ல ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. தட்டுக்குத் தையல் கிடையாது.

மார்ச் 5
கடும் வெயில். பால் தீர்ந்தது, வாங்கவேண்டும். துணி காயப்போடும்போது அங்கே அலறல். கவிதாவின் கணவன் சுரேஷின் குரல்: "தொட்டாலே கத்துற. அம்மா யாருக்காக அத வைக்கச் சொன்னாங்க, எனக்குத்தானே?" அறை விழும் ஓசை. மீண்டும். லெட்சுமி தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினாள்.

புல் வெட்டும் பாராங் கத்தியுடன் போனேன். கதவில் ஒரு வெட்டு. மலிவான பலகை, பிளந்தது; லெட்சுமி திறந்தாள். சுரேஷின் கையில் கவிதாவின் கூந்தல். அவள் உதடு கிழிந்திருந்தது. கைலியில் இரத்தம்.

"கெழவி, ஒன் வேலையப் பாரு."

"முடிய விடு. இல்லன்னா கைய இங்கயே விட்டுட்டுப் போவ."

விட்டான். தாயையும் பிள்ளையையும் டாக்சியில் ஏற்றி மருத்துவமனை. உள்ளே வெந்து, தையல் பிரிந்து, சீழ். மருத்துவர் சின்னப் பெண்; பரிசோதித்துவிட்டு உடனே வார்டில் சேர்த்தாள்.

பால் வாங்கவில்லை.

மார்ச் 8
புழுக்கம். கவிதாவையும் பிள்ளையையும் நேற்றே என் வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. போலீசுக்குப் போக மறுக்கிறாள். காலையில் சுரேஷ் கேட்டை உதைத்தான், கீல் கழன்றது. "இன்னிக்கு வரலன்னா பிள்ளையத் தூக்கிருவேன்."

அவன் போனதும் கவிதா துணிகளைப் பைக்குள் திணிக்கத் தொடங்கினாள்.

"போறேன், டீச்சர். ஒங்களுக்கென்ன, புருஷன் செத்துட்டாரு. உயிரோட இருக்கறவன விட்டுட்டு வந்தவ எங்க நல்லா வாழ்ந்திருக்கா?"

"இந்த வீட்டுல. அவரு சாகல. தைப்பிங்ல இருக்காரு. முன்பல்லு ரெண்டு இல்ல, நான் ஒடைச்சது."