வெள்ளைத் திட்டு

மார்ச் 4
மழை. தீபேன் லக்கிம்பூருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள். குவஹாத்தியில் நான் மட்டும். படுக்கையில் பாதி இடம் சும்மா கிடக்கிறது.

மார்ச் 5
தப்பு என்னுடையதும்தான். ஆய்வுக்கூடத்தில் வாய்ப் புற்றுநோய் மாதிரிகளைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் தீபேனின் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு வந்தபோது சோதனைப் படிவத்தை நானே நிரப்பினேன். 'பழக்கம்: இல்லை.' புகையிலையை விட்டு ஆறு வருஷம் ஆயிற்றே. பாக்கு? அஸ்ஸாமில் எவள் அதைப் பழக்கம் என்று எழுதுவாள்? வந்தவர்களுக்குப் பாக்கு நீட்டுவது மரியாதை அல்லவா.

முடிவைப் பார்த்து டாக்டர் ஹசாரிகா கேட்டார், "பாக்கு போடுவாராம்மா?" தலையாட்டினேன். "புத்து வராம காக்குற மரபணு உடையல. மேல சின்னச் சின்ன அடையாளம் ஒட்டி அதை வாயடைச்சு வச்சிருக்கு. பாக்கை விட்டா திரும்ப முழிச்சுக்கலாம். அதுக்கு மருந்து இன்னும் சோதனையிலதான் இருக்கு. விடலேன்னா புத்துல போய் நிக்கும்."

அன்று சாயங்காலமே தீபேனுடைய நண்பர் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். தீபேன் பாக்குத் தட்டை நீட்டிவிட்டுத் தானும் ஒன்றை எடுத்தார். தட்டைப் பிடுங்கி வாசலில் வீசினேன். விருந்தாளி முன்னால்!

"வந்தவனுக்குப் பாக்கு இல்லாத வீட்டுல எனக்கென்ன வேலை?" மறுநாளே லக்கிம்பூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டார்.

மார்ச் 19
போன் செய்தேன். "பாக்கை விட்டீங்களா?" "சாப்டியா?" என்றார். வைத்துவிட்டார்.

மார்ச் 27
அவருடைய தலையணை உறையை நான் துவைக்கவே இல்லை. ஊறிய பாக்கின் அந்த வாடை— இன்று அதுவும் போய்விட்டது. தாங்க முடியவில்லை. சமையலறையில் மிச்சமிருந்ததில் ஒரு துண்டு. வெற்றிலை, சுண்ணாம்பு. மென்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அழுதேன். எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?

ஏப்ரல் 2
இன்றும்.

ஏப்ரல் 9
மூன்று. வேலைக்குப் போகும்முன் இரண்டு முறை பல் தேய்த்தேன்.

ஏப்ரல் 13
நாளை பிஹு பண்டிகை. வந்துவிட்டார். இளைத்திருக்கிறார்.

"ரயில் ஏறின அன்னிக்கே விட்டுட்டேன். கோவத்துல சொல்லல. பாக்கைத் தொட மாட்டேங்கறேன்னு அண்ணிக்கு ஒரே மனத்தாங்கல்."

ஜன்னல் பக்கம் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். திட்டு பாதிதான் இருக்கிறது. உள்ளே என்ன ஆயிற்று என்று மறுபடி சோதித்தால்தான் தெரியும். ஆனாலும் கட்டிக்கொண்டேன், விடவே மனமில்லை. அவர்தான் மெல்ல விலக்கினார். என் முகத்தருகே மூக்கைக் கொண்டுவந்தார். என் கையிலிருந்த டார்ச்சை வாங்கினார்.

"ஜோனா, இப்ப நீ வாயத் தொற."