கௌரியை மானிப்பாயில் விட்டு வந்தது

06.02.2024
இன்றும் கௌரி சாப்பிடவில்லை. நான் சோற்றுக் கோப்பையை வைத்ததும் மணந்து பார்த்தாள். "இதுக்கை என்ன கலந்தனீங்கள்?" கலியாணம் கட்டி இரண்டு வருடத்தில் என்னோடு ஒருநாளும் சத்தமாகக் கதைக்காதவள். படிப்பிக்கிற முன்பள்ளியிலும் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாளாம். லீவில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

12.02
கௌரிக்கு நாலு நாளாக நித்திரை இல்லை. வாயைச் சப்பிக்கொண்டே இருக்கிறாள். அம்மா சொல்கிறா: "உது பழைய விசர், பைத்தியம். மறைச்சுக் கட்டித் தந்திட்டினம்." இல்லை என்று நான் சொல்லவில்லை.

18.02
மானிப்பாயில், தகப்பன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பொன்னம்பலம் மாமா படலையில் நின்றார். "சுகம் வந்தாப் பிறகு பாப்பம் மாமா. எனக்கு ஏலாது." அவ்வளவுதான் சொன்னேன். கௌரி ஓட்டோவை விட்டு இறங்காமல் என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டிட்டுப் போகாதேங்கோ." விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

19.02
நல்லாக நித்திரை கொண்டேன். அதையும் எழுதத்தான் வேணும்.

01.03
மாமா போன் எடுத்தார். கௌரிக்கு வலிப்பு. பெரியாஸ்பத்திரி.

02.03
மெஷினில்தான் மூச்சு. டாக்குத்தர் அம்மா ஆறுதலாகச் சொன்னா. முள்ளந்தண்டு நீரில் இரத்த வெள்ளைக் கலங்கள் கூடியிருக்காம். கிருமியை அழிக்கவேண்டியவை மூளைக்குள் புகுந்துவிட்டனவாம்; கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற பிறபொருளெதிரிகள் அவளின் மூளைக் கலங்களையே தாக்குதாம்.
"இது விசர் இல்லை, தம்பி. மூளையிலை வந்த வருத்தம். அந்தச் சந்தேகம், கத்தல், வாய் சப்பினது எல்லாம் இதாலைதான்."
"முந்தியே கொண்டு வந்திருந்தால்?"
"நாள் போகப் போகக் கஷ்டம்தான்."
பன்னிரண்டு நாள். நான் நித்திரை கொண்ட பன்னிரண்டு நாள்.

20.03
ஐந்தாவது தரமாக இரத்தத்தை எடுத்துச் சுத்திகரித்து ஏற்றினார்கள். கண் திறந்திருக்கு, ஆனால் ஆளைப் பார்க்கவில்லை. மாமி என்னைக் கண்டதும் எழும்பி வெளியே போய்விட்டா.

04.05
"தண்ணி" என்றாளாம். நான் கந்தோரில், வேலையில். தாதி சொல்லித்தான் தெரியும்.

22.07
மானிப்பாய் போனேன். கௌரி சுவரைப் பிடித்து நடக்கிறாள். மாமா என்னைப் படலையடியில் மறித்தார்.
"அவளுக்கு மாசியிலை நடந்தது ஒண்டும் ஞாபகமில்லை. நாங்களும் சொல்லேல்லை. விருப்பமெண்டால் கூட்டிக்கொண்டு போங்கோ, தம்பி."
உள்ளே போக அவளே கேட்டாள்: "நான் எப்பிடி இஞ்சை வந்தனான்? ஆரும் சொல்லுகினம் இல்லை."
ஒரு பொய் வாய்வரை வந்தது. ஏன் அதைச் சொல்லவில்லை? தெரியாது. கொண்டுவந்து விட்டது, விரலைக் கழற்றியது, நித்திரை கொண்டது — எல்லாம் சொன்னேன்.
"நான் கெஞ்சினனானோ?"
"ஓம்."
"சரி. போயிட்டு வாங்கோ."

11.09
கந்தோரால் வர அம்மா வாசலில் நின்றா. கௌரி வந்து போனாளாம். மானிப்பாயிலிருந்து இங்கே நெல்லியடிக்கு, பஸ் மாறி ஏறி, தனியாக. சீலைகள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இரண்டு பையில் கட்டினாளாம்.
"வடிவாக் கதைச்சவள் ராசா. நடையிலையும் ஒரு குறை இல்லை."
அலுமாரியில் தன் பக்கத்தை வெறுமையாக்கி, துடைத்தும் விட்டுப் போயிருக்கிறாள்.