வெள்ளி மூக்கு

கொட்டாஞ்சேனை,
செவ்வாய் இரவு.

அன்பான அப்பாவுக்கு,

உங்கள் மகள் நிலூஷா எழுதுவது. நான் சுகமில்லை. நீங்கள் சுகமா என்று எனக்கு உடனே தெரியவேண்டும். கொன்ஸ்ரன்ஸ் மாமி நித்திரை. நான் குளியலறைக்குள் இருந்து எழுதுகிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் என் சிநேகிதி ஷிஹாரா தன் உம்மாவின் போனில் இதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவாள். மாமியின் போனுக்குப் பதில் போடாதீர்கள்.

என் மூக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். மழை, வெயில் என்றில்லை, வருடம் முழுக்கத் தும்மல். அதற்காக மாமி என்னை வெள்ளவத்தையில் ஒரு சீன மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அதில் எனக்குக் கோபமில்லை. அந்த டொக்டர் அம்மா நல்லவர். நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார். அவர் சொன்னதைப் பக்கத்தில் உதவிக்கு நின்ற மிஸ் சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார். மூக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரேயையும் நெஞ்சு இழுத்தால் எடுக்கிற பம்ப்பையும் நிறுத்தக்கூடாது. மருந்துப் பொதியில் இருக்கும் மயிர் மூடிய பூமொட்டுகளைத் துணியில் முடிந்து அவிக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த மயிர் தொண்டையில் ஒட்டும்.

மாமி நன்றாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், "கொத்தமல்லி அவிக்க ஆரும் துணி கட்டுறதே? எனக்குப் படிப்பிக்க வந்திட்டா" என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் கொட்டினார். இஞ்சியும் தட்டிப் போட்டார். குடித்தால் தொண்டைக்குள் பூனை படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. இருமினால், "கழிவு வெளியேறுது, பேசாமல் விழுங்கு" என்கிறார். ஒருநாள் அவர் இல்லாத நேரம் என் லேஞ்சித் துணியில் வடித்துக் குடித்தேன். இருமல் வரவில்லை. அடுத்த நாள் காலைத் தும்மலும் கொஞ்சம் குறைவு. மருந்தில் பிழை இல்லை அப்பா.

பிழை இதுதான். தவக்காலம் தொடங்கியபோது மாமி கொச்சிக்கடை அந்தோனியாரிடம் நேர்ந்துவிட்டார். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் நிலூஷா இங்கிலிஷ் மருந்து தொடமாட்டாளாம். மூக்கு சுகமானால் வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து காணிக்கை வைப்பாராம். மூக்கு என்னுடையது, நெஞ்சு என்னுடையது, நேர்ந்தது அவர்! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவக்காலத்துக்கு மாமி விட்டது இறைச்சி. அதற்கும் சேர்த்து மீன் பொரித்துச் சாப்பிடுகிறார். நான் விட்டது மூச்சு.

ஃபாதரிடம் கேட்போம் என்றேன். "நேர்ந்தது நான், ஃபாதர் இல்லை. வாய் காட்டாதே" என்றார். பம்ப்பைக் காணவில்லை, எங்கே என்று கேட்டேன். "நேர்த்தியை உடைச்சால் ஆருக்குக் கெட்டது நடக்கும் தெரியுமோ? கடல்ல நிக்கிற உன்ர அப்பாக்கு" என்றார்.

நேற்று இரவு நெஞ்சு மோசமாக இழுத்தது. மாமியை எழுப்பினேன். கசாயத்தைச் சூடாக்கித் தந்தார், செபமாலையைக் கையில் திணித்தார், திரும்பிப் படுத்தார். குறட்டை கேட்டதும் பம்ப்பைத் தேடி, வீட்டு அந்தோனியார் சுரூபத்தை நகர்த்தினேன். பம்ப் அதற்குப் பின்னால்தான் இருந்தது. எடுத்து இழுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் எனக்கு முதலில் உங்கள் கப்பல்தான் ஞாபகம் வந்தது.

இன்று முழுக்க உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மாமியின் போனை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பம்ப்பை ஒளித்ததைக்கூட மன்னிப்பேன். நான் மூச்சு விட்டால் நீங்கள் சாவீர்கள் என்று என் தலைக்குள் போட்டாரே, அதை மன்னிக்கமாட்டேன். அந்தோனியார் அப்படிப் பழிவாங்குகிறவரா?

உங்கள் மேலும் கோபம்தான். போன கிழமை நான் இதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். "மாமி சொல்லுறதைக் கேள் பிள்ளை" என்று போனை வைத்துவிட்டீர்கள்.

மாமியோடு நீங்களே கதையுங்கள். ஃபாதரிடம் போய் அந்த நேர்த்தியை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பூமொட்டுகளைத் துணியில் கட்டச் சொல்லுங்கள். பம்ப்பை என் கையில் தரச் சொல்லுங்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் ஷிஹாராவின் உம்மாவின் போனுக்கு, "இருக்கிறேன்" என்று ஒரு சொல் அனுப்புங்கள். அது வரும்வரை, எவ்வளவு இழுத்தாலும், அந்தச் சுரூபத்தை இன்னொரு தரம் நகர்த்த எனக்குத் துணிவு வராது.

ஆண்டவர் உங்கள் கப்பலோடு இருக்கட்டும். கெதியாய் அனுப்புங்கள் அப்பா.

உங்கள் மகள்,
நிலூஷா