இரண்டா, நான்கா

செவ்வாய், தென்முனை நிலையம்.
பதிவு: நாச்சியார், திரை நிரல் பொறுப்பு.

நாள் 203, காலை
காற்று, நீர், மின்சாரம் மூன்றும் சரி. இதைப் படிக்கிறவர்களுக்கு: இனி வரப்போகிற குடியேறிகள் பார்க்கும், காற்று, நீர் அளவு காட்டும் திரைகளுக்கு இரண்டு பேர் கணினி நிரல் எழுதுகிறோம். இங்கே நான், சமவெளி நிலையத்தில் ரொசாரியோ. அவனும் தனி ஆள்தான். ஒருவர் எழுதியதை மற்றவர் ஏற்றால்தான் சேரும். குரல் இணைப்பு பழுதானதிலிருந்து, நிரலோடு வரும் குறிப்புகள்தான் எங்கள் பேச்சு. உள்ளே தள்ளி எழுதும் வரிகளுக்கு முன்னால் நான்கு இடைவெளி வேண்டும் என்கிறேன். அவன் இரண்டு என்கிறான். பிடிவாதக்காரன்.

நாள் 211, மாலை
பெயர் வைப்பது, வரியின் நீளம், மற்ற விதிகள் எல்லாம் முடிவாகிவிட்டன. இடைவெளி மட்டும் பாக்கி. உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். அதுவும் முடிவானால் திருத்தும் கருவியே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். அப்புறம் அவன் எனக்கு எழுத என்ன இருக்கிறது? அதனால் இன்றும் மறுத்தேன். பதில் வந்தது:
"ஒனக்கு வேற சோலியே கெடையாதா?"
கிடையாது. நாலு தடவை படித்தேன்.

நாள் 219, காலை
சமவெளியில் புழுதிப்புயல். அவனுடைய காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டதாம். இரண்டு இடைவெளிக்காக ஒரு பக்கம் வாதாடிவிட்டு, கடைசி வரியில் சொல்கிறான், மடையன். மீட்பு வண்டி கேட்டுத் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினேன். புயல் ஓயட்டும் என்றார்கள்.

நாள் 221
அவன் நிரல் வந்தது. பழைய கோப்புகள்கூட, மொத்தமும் நான்கு இடைவெளியில். கூடவே:
"நீ சொல்லுத மாதிரியே வச்சுக்கிடுவோம், நாச்சியா. இனி நீதான பாக்கப் போற."
ஜெயித்துவிட்டேன். வண்டி கேட்டுத் தலைமையகத்துக்கு மறுபடியும் செய்தி அனுப்பினேன்.

நாள் 224
எதுவும் வரவில்லை. ஏற்கவா என்று திரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஏற்றால் விவாதம் மூடிவிடும். மூடியதில் அவனும் எழுத முடியாது, நானும் எழுத முடியாது.

நாள் 230
வண்டி அங்கே போய்ச் சேர்ந்ததாம். விவரம் சொன்னார்கள். இங்கே எழுத மாட்டேன்.
இன்னும் ஏன் சேர்க்கவில்லை என்று தலைமையகம் கேட்கிறது.
நிராகரித்தேன். திரை காரணம் கேட்டது.
"நீ சொன்ன இரண்டுதான் சரி, ரொசாரியோ. மாற்றி அனுப்பு."
அவன் பதில் போடும்வரை இதை யாரும் மூட முடியாது.