நண்டு கீறிய கல்

அண்ணை, போன சனிக்கிழமை உங்கள் நண்டைக் கண்டேன்.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். மனிசி கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் இல்லாத நேரத்தில்தான் இதைச் சொல்லலாம்.

மருமகன் இங்கே கனடாவில், றிச்மண்ட் ஹில்லில் வீடு கட்டுகிறார். குளிர் காய்கிற கணப்படுப்புக்குப் பழங்கல் வேண்டுமென்று, இடித்த வீடுகளின் கதவும் கல்லும் விற்கிற வளவு ஒன்றுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பனி கரைந்து ஈரமாய்க் கிடந்த குவியலில் ஒரு கல் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. முதுகில் சிவப்புப் பெயின்றில் ஒரு நண்டு. ஒரு கால் குறைந்த நண்டு. குனிந்து அதைத் தடவிப் பார்த்தேன்.

பிரான்சின் மேற்கு ஓரத்தில், பிரெத்தாஞ் நாட்டுப்புறத்தில், அந்தக் கிழவி மதாமின் பெரிய வீட்டில் நாங்கள் வேலைக்கு நின்ற காலம் நினைவிருக்கிறதா? வீட்டுக்கு ஐந்நூறு வயது என்பார். அரசனைக் கவிழ்த்த கலகத்தில் பிரபுக்கள் ஓடிப்போக, உழவர்கள் அந்த மண்டபத்தில் மாடு கட்டினார்களாம். பிறகு யுத்தத்தில் வந்த ஜேர்மன்காரர் கதவுகளை எரித்துக் குளிர் காய்ந்தார்களாம். அவர் பிரெஞ்சில் சொல்ல, நீங்கள் எனக்குத் தமிழில் சொல்வீர்கள். சீமெந்துப் பையைக் கண்டால் மதாமுக்குக் கோபம் வரும். கல்லுக்கு மூச்சு முட்டுமாம். சுண்ணாம்பும் மணலும்தான் குழைக்க வேண்டும்.

மண்டபத்துக் கணப்படுப்பு சரிந்தபோது, கல் கல்லாகக் கழற்றி, அதே கல்லை அதே இடத்தில் வைத்துக் கட்டச் சொன்னார். நீங்கள் கற்களுக்கு இலக்கம் போடத் தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினீர்கள்.

“உமக்கு இலக்கம் வராது. நண்டு தெரியும்தானே, ஐசே?”

“தின்னத் தெரியும்,” என்றேன்.

மீன், நண்டு, இறால், திருக்கை என்று எங்கள் கடல் முழுவதும் அந்தக் கல்லுகளில் ஏறியது. நண்டுக்கு மட்டும் ஒரு கால் போட மறந்துபோனீர்கள். மதாம் வந்து பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றோம். அவரோ குனிந்து, நண்டுக்குப் பக்கத்தில் உளியால் கீறியிருந்த ஓர் அம்புக்குறியைத் தொட்டுக் காட்டினார். வீட்டை முதலில் கட்டியவன் போட்ட அடையாளம். அவனுக்கும் எழுத்துத் தெரிந்திராது என்றார்.

அந்த அம்பும் நண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அண்ணை.

விற்கிறவனிடம் கேட்கச் சொன்னேன். மருமகன் கேட்டுவிட்டு வந்தார்.

“பிரான்சிலை ஒரு பழைய வீட்டை இடிச்சு, கப்பலிலை கொண்டுவந்ததாம், மாமா. மூண்டு வருசமாய்க் கிடக்காம். கறுத்துப் போச்சு, எங்களுக்குச் சரிவராது.”

மூன்று வருடம். நீங்கள் கண்மூடியது போன மாரியில்.

மதாம் கடைசியாய்ப் படுத்திருந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவள் என் மனிசி. வீட்டை விட்டுவிடாதே என்று மதாம் கையைப் பிடித்துக் கேட்டதும் அவளிடந்தான். நாங்கள் கனடாவுக்கு வந்தோம். நீங்கள் காவலுக்கு அங்கேயே நின்றீர்கள். பொங்கலுக்குப் பொங்கல் நீங்கள் போன் எடுக்க, அவள் என் கையிலிருந்து றிசீவரைப் பறித்து வீட்டைத்தான் முதலில் விசாரிப்பாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டு நிற்பேன். கடைசிப் பொங்கலுக்கும் இதைத்தான் சொன்னீர்கள்:

“அப்பிடியே நிக்குது, பிள்ளை. நேற்றும் அடுப்பு மூட்டினனான். புகை நேரை மேலை போகுது.”

எந்த அடுப்பு, அண்ணை? அது இங்கே, என் வீட்டிலிருந்து கார் ஓடிப் போகிற தூரத்தில், மழையில் நனைந்துகொண்டு கிடந்ததே. எங்கே நின்று போன் எடுத்தீர்கள்? எந்தக் குளிரில் நின்று?

வழி முழுக்க மனதுக்குள் உங்களோடு சண்டை பிடித்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, மனிசி கேட்டாள்.

“கல்லுகள் எப்பிடி? எங்கடை பெரிய வீட்டுக் கல்லு மாதிரி ஏதும் இருந்ததே?” பிறகு மெல்ல, “அண்ணையும் போய்ச் சேர்ந்திட்டார். அந்த வீடு என்ன கதியோ” என்றாள்.

நண்டைத் தடவிய விரலில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கையைப் பொக்கற்றுக்குள் விட்டேன்.

“அப்பிடியே நிக்குது,” என்றேன்.

தடுமாறாமல் வந்தது, அண்ணை. புகையைப் பற்றியும் சொன்னேன்.