வோல்காவின் முன் கட்டிய கம்பளம்

கோச்கோர், ஜூன் 3, 2002

நஸ்குலின் அப்பாவுக்கு,

அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். நேற்று நாரினில் படிக்கும் நம் மகளைப் பார்க்க வோல்கா காரில் புறப்பட்டேன். சாரி-புலாக் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வெப்பம் காட்டும் முள் நூறைத் தொட்டு, ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது. ஐந்து குவளை தண்ணீர் ஊற்றினேன். திரும்பும்போது ஏழு. எல்லாம் வண்டி நோட்டில் எழுதியிருக்கிறது. குதிரை மேய்க்கும் கிழவர் எசென் வந்து, "காருக்குள்ள சமோவார் வெச்சிருக்கியாம்மா? எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்து" என்றார்.

பிப்ரவரியில் வேலைக்காக ரஷ்யா கிளம்பியபோது நீங்கள் விட்டுப்போனபடியே வண்டியை வைத்திருக்கிறேன், ஒரு முடிச்சைக்கூடத் தொடவில்லை. வழக்கப்படி நீங்கள் ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டியும் சுவரில் தொங்குகிறது. மீதியை வந்து சாப்பிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். நான்கு மாதமாக ஒரு வரி இல்லை.

உங்கள் புர்மாகன்


சுர்குத், ஜூன் 27

புர்மாகன்,

விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்து. ஒரு விரல் அகலத்துக்கு மேல் இறங்கினால் இறுக்கு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுக் காய்ச்சு, திறக்கிறதா பார். மூடியின் ரப்பரையும் பார். இந்த நாற்பது வருஷ வண்டியில் நீ பயப்படும்படி ஒன்றுமில்லை. என்ன ஆச்சென்று எழுது.

ஷெய்ஷென்


கோச்கோர், ஜூலை 28

நஸ்குலின் அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெல்ட் சரி. ரப்பர் சரி. தெர்மோஸ்டாட்டைச் சூப் சட்டியில் போட்டேன். கொதி வருமுன்பே வாய் திறந்தது, ஆறியதும் மூடிக்கொண்டது. இருந்தாலும் வண்டி கொதிக்கிறது. இனி என்ன பார்க்கட்டும்? எழுதுங்கள். இரண்டு பக்கமாக எழுதினாலும் படிப்பேன்.

உங்கள் புர்மாகன்


சுர்குத், ஆகஸ்ட் 30

புர்மாகன்,

தண்ணீர் பம்பாக இருக்கலாம். இங்கிருந்து நான் எதைப் பார்ப்பது? வண்டியை விற்றுவிடு. குளிருக்கு நான் வரவில்லை. அடுத்த வருஷமும் வருவேன் என்று சொல்ல மாட்டேன். இங்கே எனக்கு ஒரு வீடு அமைந்துவிட்டது, தனியாக இல்லை. அந்த ரொட்டியைக் கோழிக்குப் போடு.

ஷெய்ஷென்


கோச்கோர், செப்டம்பர் 19

ஷெய்ஷென் அவர்களுக்கு,

வோல்கா கொதிக்கவில்லை. கொதிப்பது ஜூலை பத்தாம் தேதியோடு நின்றுவிட்டது. அன்று எசென் குனிந்து பார்த்துவிட்டு, "கோடையில எவளாவது வண்டி வாயில கம்பளத்தைக் கட்டிவெப்பாளா? பாவம், மூச்சு விட வேணாமா அது?" என்று திட்டினார். நீங்கள் கிளம்பிய காலை, ரேடியேட்டர் உறையக் கூடாதென்று கட்டினீர்களே, அந்தக் கம்பளம். உங்கள் கை போட்ட முடிச்சு என்று நான் அவிழ்க்காமல் இருந்தேன். அவரே அவிழ்த்தார். அதற்குப் பிறகு முள் எண்பதைத் தாண்டவில்லை.

உங்களுக்குக் கொதிக்கிறது என்று எழுதியது பொய். வண்டிக்கு நோய் என்றால்தான் நீங்கள் எழுதினீர்கள். நோட்டில் பொய் எழுதவில்லை. ஜூலை பத்துக்குப் பிறகு தண்ணீர்க் கணக்கு காலியாகவே இருக்கிறது. ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, உங்களிடமும் கேட்கிறேன்.

ரொட்டியைக் கோழிக்குப் போட எனக்குக் கை வரவில்லை. கல்லாகியிருந்தது. தேநீரில் ஊறவைத்து, பிஸ்மில்லா சொல்லி நானே சாப்பிட்டேன், நீங்கள் கடித்த ஓரத்தையும் சேர்த்து.

வண்டியை விற்கவில்லை. வெள்ளிக்கிழமை கணவாய் தாண்டி மகளைப் பார்க்கப் போகிறேன். பனி விழத் தொடங்கியதும் கம்பளத்தை நானே கட்டிக்கொள்வேன். எப்போது அவிழ்க்க வேண்டும் என்று இப்போது தெரியும்.

புர்மாகன்